பனிமலைப் பூக்களின் மகரந்தமும் குரோமோசோம் எண்ணும்: முதல்முறை பார்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரே பாறைச் சரிவில் ஒரு முழ இடைவெளியில் இரண்டு செடிகள். இலையும் பூவும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கின்றன. மகரந்தத்தைச் சாயத்தில் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், ஒன்றில் மணிகள் எல்லாம் உருண்டு திரண்டு செக்கச்செவேலென்று கிடக்கின்றன. மற்றதில் பாதிக்குப் பாதி சுருங்கி வெறும் கூடாக இருக்கின்றன. ஏன் இப்படி?

மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கு மேல் வளரும் பூக்களில் இதற்கு இரண்டு காரணங்களை முதலில் யோசிக்க வேண்டும். மொட்டு சிறிதாக இருந்தபோது ஓர் இரவு உறைபனி விழுந்து மகரந்தத்தைக் கெடுத்திருக்கலாம். அல்லது அந்தச் செடியின் குரோமோசோம் எண்ணிக்கையே ஜோடி சேர முடியாத எண்ணிக்கையாக இருக்கலாம். மகரந்தத்தை மட்டும் பார்த்து இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. குரோமோசோமை மட்டும் எண்ணினாலும் பாதிக் கதைதான் கிடைக்கும். அதனால் மகரந்தமும் குரோமோசோமும் ஒரே செடியிலிருந்து வர வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கீழே உள்ள படிகள் எல்லாம் இதைச் சுற்றித்தான் அமைந்திருக்கின்றன.

எந்தப் பூவில் தொடங்கலாம்

குரோமோசோம் எண்ணிக்கை ஒரே ஜாதிக்குள் மாறுவது மலைப் பூக்களில் அபூர்வமே இல்லை. ஆல்ப்ஸ் மலையின் ரனன்குலஸ் குப்ஃபெரியில் 16 குரோமோசோம் உள்ள இருமடியச் செடிகளும் (குரோமோசோம் தொகுதி இரண்டு) 32 உள்ள நான்மடியச் செடிகளும் (தொகுதி நான்கு) உண்டு. இருமடியச் செடிகள் மலைத்தொடரின் தென்மேற்கு மூலையில் ஒதுங்கி நிற்கின்றன. நான்மடியம் ஆல்ப்ஸில் அகலமாகப் பரவியிருக்கிறது. கிழக்கு ஆல்ப்ஸின் ஜேக்கோபியா கார்னியோலிகாவில் 40, 80, 120 என்று மூன்று நிலைகள் உண்டு. வெவ்வேறு நிலைச் செடிகள் ஒரே சரிவில் கலந்து நிற்பதும் உண்டு. 1930களில் தாவரவியலாளர் ஐரீன் மான்டன் பிஸ்குட்டெல்லா லீவிகாட்டா என்ற செடியை எண்ணியபோது, பனியுகத்தில் பனி மூடாமல் தப்பிய தாழ்ந்த இடங்களில் 18 உள்ள செடிகளும், பனி விலகிய பிறகு செடிகள் குடியேறிய ஆல்ப்ஸில் 36 உள்ள செடிகளும் இருப்பதைக் கண்டார். ஒரு செடியின் செல்லுக்குள் எண்ணிய எண், மலையின் பழைய வரலாற்றைச் சொல்லிவிட்டது. இந்த வேலையின் மேல் எனக்குப் பிடிப்பு வந்ததே இதனால்தான்.

ஆனால் பழகுவதற்கு இவற்றில் பலவும் கடினம். எண்ணிக்கை கூடக் கூட குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். முதல் பருவத்துக்குக் குறைந்த எண்ணிக்கையும் பெரிய குரோமோசோமும் உள்ள ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பனி உருகும் ஓரத்தில் பூக்கும் வெள்ளை மலைக் க்ரோகஸில் எட்டே எட்டுதான். நன்றாகப் பெரிதாகத் தெரியும். கை பழகியதும் ரனன்குலஸுக்குப் போகலாம். போவா ஆல்பினா புல்லை மட்டும் கடைசிக்கு வையுங்கள். அதில் எண்ணிக்கை இருபதுகளில் தொடங்கி நாற்பதைத் தாண்டிப் போகும், அதுவும் முழு மடங்குகளாக இல்லாமல்.

மலையில் செய்ய வேண்டியவை

பல உயர்மலைப் பகுதிகள் பாதுகாக்கப்பட்டவை. மொட்டு ஒன்றைக் கிள்ளவும் அனுமதி தேவைப்படலாம். அதை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். அனுமதி இருந்தாலும் செடியை வேரோடு பிடுங்க வேண்டாம். உள்ளங்கை அகலம் பரவிய ஒரு மெத்தைச் செடிக்குப் பல பத்தாண்டு வயது இருக்கலாம். நமக்கு வேண்டியது இரண்டு மூன்று இளம் மொட்டும், இரண்டு மூன்று மலர்ந்த பூவும் மட்டுமே. அடையாளம் சரிபார்க்க ஒரு பூத்த கிளையை அழுத்தி உலர்த்தி வைத்தால் போதும்.

ஒவ்வொரு செடிக்கும் ஓர் எண் கொடுங்கள். செடியின் பக்கத்தில் சிறு உலோகத் தகடு குத்தி, இடத்தையும் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மொட்டுக் குப்பி, மகரந்தக் குப்பி, உலர்ந்த மாதிரி மூன்றிலும் அதே எண் இருக்க வேண்டும். எண்ணைப் பென்சிலால் துண்டுத்தாளில் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். ஒரு முறை பன்னிரண்டு குப்பிகள் எனக்கு அப்படி ஊதா நிறத் தண்ணீராகிவிட்டன. எது எந்தச் செடி என்று தெரியாமல் ஒரு கோடையின் வேலை முழுக்கப் போயிற்று.

மொட்டுக்கு ஃபிக்ஸேட்டிவ், அதாவது செல்களை இருந்த நிலையிலேயே நிறுத்திவைக்கும் திரவம்: கலப்பில்லாத எத்தில் ஆல்கஹால் மூன்று பங்கு, அடர் அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு. அன்றன்று கலக்க வேண்டும். நேற்றுக் கலந்தது நிற்க நிற்க வேறு பொருளாக மாறத் தொடங்கிவிடும். ஆகவே மலைக்கு இரண்டையும் தனித்தனிப் புட்டியில் கொண்டுபோய் அங்கேயே கலந்துகொள்ளுங்கள். ஒரு நாள் அதில் ஊறியதும் 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும்.

எந்த மொட்டைக் கிள்ளுவது? பெரும்பாலானவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். மகரந்தம் உருவாகும் குன்றல் பகுப்பு, அதாவது குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் மியாசிஸ், மொட்டு நாம் நினைப்பதைவிட ரொம்பச் சிறிதாக இருக்கும்போதே நடந்து முடிந்துவிடும். மலைச் செடிகள் பலவும் முந்தின ஆண்டே மொட்டை உருவாக்கி வைத்துக்கொள்பவை. பனி விலகியதும் அவசரமாக வேலையை முடித்துவிடுகின்றன. இலைகளுக்கு நடுவே கடுகளவு தெரியும் மொட்டிலேயே பகுப்பு நடந்துகொண்டிருக்கலாம். மகரந்தப்பையின் நிறம் நல்ல குறி. வெளிறிய பச்சையாக, கண்ணாடிபோல் மங்கலாகத் தெரிந்தால் பகுப்பு நடக்க வாய்ப்புண்டு. மஞ்சளாகிவிட்டால் வேலை முடிந்துவிட்டது. ஒரே தண்டில் வெவ்வேறு அளவில் மொட்டுகள் இருந்தால் சிறிதிலிருந்து பெரிது வரை ஒரு வரிசையாக எடுங்கள்.

மகரந்தத்துக்கு, அன்று காலையில் மலர்ந்த பூவின் இப்போதுதான் வெடிக்கப்போகும் பைகளை எடுக்க வேண்டும். வெயிலில் காய்ந்த, மழையில் நனைந்த பூக்களை விட்டுவிடுங்கள். நனைந்த மகரந்தம் வெடித்துப்போகும். அதை எண்ணினால் மழையைத்தான் எண்ணுகிறோம்.

அப்புறம், அந்த இடத்தின் இரவு வெப்பநிலை. ஒரு சிறு பதிவுக் கருவியைப் பனி உருகிய நாளிலிருந்தே செடி மட்டத்தில் வைத்துவிடுங்கள். தரையோடு ஒட்டி வாழும் செடியின் வெப்பநிலை, தலை உயரத்தில் அளக்கும் காற்றின் வெப்பநிலையிலிருந்து நிறையவே மாறும். பின்னால் குளிரா, குரோமோசோமா என்ற கேள்வி வரும்போது இந்தப் பதிவு இல்லாமல் பேசவே முடியாது.

மகரந்தத்தைச் சாயத்தில் பார்ப்பது

எளிதில் தொடங்க அசிட்டோகார்மைன் போதும். 45 சதவீத அசிட்டிக் அமிலத்தில் 1 சதவீதம் கார்மைன் சேர்த்து மெதுவாகக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, வடிகட்டியது. ஸ்லைடில் ஒரு சொட்டு விட்டு, மகரந்தப்பையை அதில் கிழித்து, தோல் துணுக்குகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, கவர்ஸ்லிப் மூடிப் பத்து நிமிடம் காத்திருங்கள். உள்ளே செல் பொருள் இருக்கும் மணி சிவக்கும்; வெற்று மணி நிறமேறாமல் நிற்கும்.

அலெக்ஸாண்டர் சாயம் இதைவிடத் தெளிவானது. 1969இல் வந்தது. மணியின் சுவரைப் பச்சையாகவும் உள்ளிருக்கும் பொருளைக் கருஞ்சிவப்பாகவும் காட்டும். வெற்று மணி முழுக்கப் பச்சையாகவே தெரிவதால் சந்தேகத்துக்கு இடமிருக்காது. பழைய செய்முறையில் ஃபீனாலும் குளோரல் ஹைட்ரேட்டும் உண்டு. அவை இல்லாத எளிய செய்முறை 2010இல் வெளிவந்தது. புதிதாகச் செய்கிறவர்கள் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சாயம் ஏறிய மணி உயிருள்ள மணி என்று பொருளில்லை. உள்ளே பொருள் இருக்கிறது என்று மட்டுமே பொருள். நம்பாவிட்டால் ஒரு சோதனை செய்யுங்கள். கொஞ்சம் மகரந்தத்தை 80 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் வைத்துக் கொன்றுவிட்டு அசிட்டோகார்மைனில் போடுங்கள். அழகாகச் சிவக்கும். ஆகவே இந்த எண்ணிக்கைக்குச் ‘சாயமேற்ற வீதம்’ என்று பெயர் எழுதுங்கள், ‘உயிர்ப்பு வீதம்’ என்று எழுதாதீர்கள். மகரந்தம் சரியாக உருவானதா என்று கேட்க இந்தச் சாயம் நல்ல கருவி. குரோமோசோம் கோளாறு பெரும்பாலும் உருவாகும்போதே மணியைக் கெடுப்பதால் நம் கேள்விக்கு இது நன்றாகவே பொருந்துகிறது.

உயிர் இருக்கிறதா என்று கேட்க டெட்ரசோலியம் அல்லது ஃபுளோரசீன் டைஅசிட்டேட் வேண்டும். முன்னது செல்லுக்குள் நொதிகள் வேலை செய்தால்தான் சிவக்கும். பின்னது, நொதியும் செல் சவ்வும் நல்ல நிலையில் இருந்தால்தான் பச்சையாக ஒளிரும். அதற்கு ஒளிர்வு நுண்ணோக்கி தேவை. கொன்ற மகரந்தத்தை ஒவ்வொரு முறையும் ஒப்பீட்டுக்குக் கூடவே வையுங்கள்.

முளைக்கவைத்துப் பார்ப்பதும் உண்டு. பிரூபேக்கரும் குவாக்கும் 1963இல் கொடுத்த ஊடகம் இன்றும் பயன்படுகிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் சர்க்கரை 100 கிராம், போரிக் அமிலம் 100 மில்லிகிராம், கால்சியம் நைட்ரேட் 300, மக்னீசியம் சல்ஃபேட் 200, பொட்டாசியம் நைட்ரேட் 100 மில்லிகிராம். மணியின் விட்டத்தைவிடக் குழாய் நீண்டால் முளைத்ததாகக் கணக்கு. ஆனால் சூரியகாந்திக் குடும்பம், கடுகுக் குடும்பம், புல் குடும்பம் ஆகியவற்றின் மகரந்தம் மூன்று உட்கருக்களோடு வெளிவருவது. ஊடகத்தில் முளைக்க மிகவும் அடம்பிடிக்கும். சூரியகாந்திக் குடும்பத்து ஜேக்கோபியாவில் பூஜ்யம் வந்தால் மகரந்தம் செத்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். ஊடகம் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம்.

எத்தனை மணி எண்ணுவது? உண்மையான வீதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 100 மணி எண்ணினால் முன்னும் பின்னும் ஏறத்தாழ 8 புள்ளி தடுமாறும். 300 எண்ணினால் அது நாலரைப் புள்ளியாகக் குறையும். ஆனால் ஒரே பையின் 300 மணிகளைவிட மூன்று பூக்களிலிருந்து நூறு நூறாக எண்ணுவது எவ்வளவோ மேல். ஒரு பையின் மணிகள் எல்லாம் ஒரே இரவைப் பார்த்தவை. கண்ணில் பட்ட இடத்தையெல்லாம் எண்ணாமல், ஸ்லைடைக் குறுக்கே கோடு போட்டதுபோல் நகர்த்தி, வழியில் வருகிற எல்லாவற்றையும் எண்ணுங்கள். வெற்று மணிகள் எடை குறைவாக இருப்பதால் கவர்ஸ்லிப் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். நடுவில் மட்டும் பார்த்தால் செடி உள்ளதைவிட நலமாகத் தெரியும். ரோடோடென்ட்ரான் குடும்பத்தில் நான்கு நான்கு மணிகள் ஒட்டியே வரும். அங்கே நான்கையும் தனித்தனியே பார்த்து, நான்கில் எத்தனை நிறைந்தவை என்று குறியுங்கள்.

அளவையும் விடாதீர்கள். 50 மணிகளின் விட்டத்தை அளந்து வையுங்கள். எண்ணிக்கை குறையாமலேயே, முழுக் குரோமோசோம் தொகுதியோடு உருவான மணி கனஅளவில் சுமார் இரண்டு மடங்கு இருக்கும். விட்டத்தில் அது ஏறக்குறைய 1.26 மடங்குதான். கண்ணுக்கு லேசான வித்தியாசம், அளவுகோலுக்கு நல்ல வித்தியாசம். சாதாரண மணிகளுக்கு நடுவே ஒன்றிரண்டு பெரியவை தெரிந்தால் அவற்றைத் தனியாக எண்ணுங்கள். இருமடியத்திலிருந்து நான்மடியம் பிறக்கும் முக்கியமான வழி அதுதான்.

குரோமோசோமை எண்ணுவது

மொட்டிலிருந்து எண்ணுவதையே நான் சிபாரிசு செய்வேன். காரணம் இரண்டு. வேருக்காகச் செடியைத் தோண்ட வேண்டாம். அதோடு, எண்ணிக்கை மட்டுமல்லாமல் குரோமோசோம்கள் எப்படி ஜோடி சேர்கின்றன என்பதும் தெரியும். மகரந்தம் ஏன் கெட்டது என்பதற்கான சாட்சி அந்த ஜோடியில்தான் இருக்கிறது.

ஃபிக்ஸ் செய்த மொட்டிலிருந்து ஒரே ஒரு மகரந்தப்பையை எடுத்து அசிட்டோகார்மைன் சொட்டில் வையுங்கள். சாயம் கறுப்பாக ஏற, கொஞ்சம் துருவேறிய இரும்பு ஊசியால் கிளறுவது பழைய பழக்கம். சிறிதளவு இரும்பு சேர்ந்தால் குரோமோசோம் கருமையாகத் தெரியும். பையை நசுக்கி, தோலை எடுத்துவிட்டு, கவர்ஸ்லிப் மூடி, முதலில் குறைந்த பெருக்கத்தில் பாருங்கள். நான்கு நான்காகச் செல்கள் தெரிந்தால் பகுப்பு முடிந்துவிட்டது, இன்னும் சிறிய மொட்டுக்குப் போங்கள். பெரிய வட்டச் செல்லும் அதற்குள் நூல் உருண்டையும் தெரிந்தால் சற்றுப் பெரிய மொட்டு வேண்டும். ஒரே பூவின் பைகள் பெரும்பாலும் அடுத்தடுத்த கட்டங்களில் இருக்கும். ஒன்று சரியில்லை என்றால் பக்கத்துப் பையைப் பாருங்கள்.

குரோமோசோம் ஜோடிகள் தனித்தனியே தெரியும் சரியான கட்டம் கிடைத்ததும் ஸ்லைடைச் சுடர் மேல் இரண்டு மூன்று முறை காட்டி எடுங்கள். கொதிக்கக் கூடாது; புறங்கையில் வைத்தால் சுருக்கென்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு மை ஒற்றும் தாளை மடித்து மேலே வைத்து, கட்டை விரலால் நேராகக் கீழ்நோக்கி அழுத்துங்கள். விரல் பக்கவாட்டில் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் செல்கள் உருண்டு கயிறாகிவிடும். கவர்ஸ்லிப்பின் ஒரு மூலையை இன்னொரு விரலால் பிடித்துக்கொண்டால் நகராது. அப்புறம் 100 மடங்கு எண்ணெய் லென்ஸ். நன்றாக அமைந்த செல்லில், இருமடிய ரனன்குலஸ் என்றால், எட்டு ஜோடிகள் எட்டுக் கறுப்பு முத்துகளாகத் தனித்தனியே விழுந்திருக்கும். அதை ஒரு முறை பார்த்தவர்கள் மறுபடி மறுபடி வந்து உட்காருவார்கள்.

வேர் நுனியில் எண்ண வேண்டிய தேவையும் வரும். அப்போது விதையை முளைக்கவைத்து வெள்ளை வேர் நுனியை எடுங்கள். மலை விதைகளில் பலவற்றை முதலில் ஈரத்தோடு பல வாரம் குளிரில் வைக்க வேண்டும். நுனியை 0.002 மோலார் 8-ஹைட்ராக்ஸிகுவினோலினில் மூன்று நான்கு மணி நேரம், அல்லது உருகும் பனிக்கட்டி நீரில் 24 மணி நேரம் வைத்தால் குரோமோசோம்கள் சுருங்கி எண்ண வசதியாகும். கோல்ச்சிசினும் இந்த வேலையைச் செய்யும், ஆனால் அது கொடிய நஞ்சு. பழகும் காலத்தில் தவிர்த்துவிடுங்கள். பிறகு ஃபிக்ஸேட்டிவ், 60 டிகிரியில் 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் எட்டு முதல் பத்து நிமிடம், கழுவல், சாயம், நசுக்கல்.

விதையில் ஒரு பொறி இருக்கிறது. விதையின் வேர் பிள்ளையின் எண்ணைக் காட்டும், தாயின் எண்ணை அல்ல. பக்கத்தில் வேறு மடியச் செடி நின்றால் அதன் மகரந்தம் விழுந்து மும்மடியப் பிள்ளை பிறந்திருக்கலாம். தாயின் மகரந்தத்தோடு பிள்ளையின் எண்ணைச் சேர்த்து எழுதிவிட்டால் எல்லாம் தலைகீழாகும். இன்னொன்று: போவா ஆல்பினாவில் பி குரோமோசோம்கள் எனப்படும் கூடுதல் துணுக்குகள் தண்டிலிருந்து கிளைக்கும் வேர்களில் காணாமல் போய், மகரந்தத் தாய்ச்செல்களில் (பகுப்படைந்து மகரந்தம் தரும் செல்களில்) இருப்பதை மரபியலாளர் ஆர்னே மன்ட்சிங் காட்டினார். வேரிலும் மொட்டிலும் எண் வேறுபட்டால் உடனே உங்கள் கையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

ஒரு செடிக்குக் குறைந்தது ஐந்து தெளிவான செல்களை எண்ணுங்கள். ஒவ்வொன்றையும் படம் எடுங்கள், கையால் வரைந்தும் வையுங்கள். வரையும்போதுதான் ஒன்றா, ஒட்டிய இரண்டா என்று கண் யோசிக்கும். எண் உறுதியாக இல்லையென்றால் ‘சுமார் 64’ என்றே எழுதுங்கள்.

இரண்டையும் சேர்த்துப் படிப்பது

முதலில் ஜோடியைப் பாருங்கள். மும்மடியத்தில் மூன்றாவது தொகுதிக்குத் துணை இல்லாததால் தனிக் குரோமோசோம்கள் ஆளுக்கொரு பக்கம் அலையும், சில பின்தங்கிச் சிறு உட்கருக்களாக நிற்கும்; மகரந்தமும் பெரிதும் சிறிதும் வெறுமையுமாகக் கலந்திருக்கும். நான்மடியத்தில் நான்கு சேர்ந்த வளையங்கள் தெரியலாம். அங்கே மகரந்தம் கொஞ்சம் குறையும், படுமோசமாக வேண்டியதில்லை. பிரியும் கட்டத்தில் இரு முனைக்கும் நடுவே ஒரு பாலமும் அருகில் ஒரு துண்டும் தெரிந்தால், எண்ணிக்கை சரியாக இருந்தாலும் உள்ளே ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். கலப்பினங்களில் இதைத் தேடிப் பாருங்கள். இரு பெற்றோருக்கும் ஒரே எண் இருப்பதால் பிள்ளையின் மகரந்தம் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஜோடி ஒழுங்காக இருந்தும் மகரந்தம் மோசம் என்றால் குளிரின் பக்கம் திரும்புங்கள். குளிர் அடித்தால், அந்த இரவில் அதே கட்டத்தில் இருந்த மொட்டுகள் எல்லாம் அக்கம்பக்கத்துச் செடிகளிலும் சேர்ந்து கெடும். பத்து நாள் கழித்து அதே செடியில் மலரும் பூ நன்றாக இருக்கும். குரோமோசோம் கோளாறு அப்படி இல்லை. பக்கத்துச் செடி நன்றாக இருக்க, இது மட்டும் எல்லாப் பூவிலும், அடுத்த ஆண்டும், அப்படியே இருக்கும். அதனால்தான் செடிக்கு எண் தகடு குத்தச் சொன்னேன். அதே செடிக்கு இரண்டாம் முறை, முடிந்தால் மறு ஆண்டும் போக வேண்டும். இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. பகுப்பு நேரத்தில் திடீர்க் குளிர் அடித்தால் எண்ணிக்கை குறையாத பெரிய மணிகள் கூடலாம். அப்போது குளிரே அடுத்த தலைமுறையின் குரோமோசோம் எண்ணை மாற்றும் வேலையைத் தொடங்கிவிடுகிறது.

மகரந்தம் மோசம் என்றவுடன் விதை இருக்காது என்று எழுதிவிடாதீர்கள். சூரியகாந்திக் குடும்பத்து மும்மடிய ஹைராசியம் செடிகள் பல, மகரந்தம் உதவாத நிலையிலும் கருவுறாமலேயே நிறைய விதை கொடுக்கின்றன. நான்மடிய ரனன்குலஸ் குப்ஃபெரியும் கருவுறாமல் கரு வளர்ப்பதுதான், ஆனால் விதையின் சேமிப்புத் திசு உருவாக அதற்கு மகரந்தம் தேவைப்படுகிறது. ஆகவே மகரந்தம் எடுத்த அதே தகட்டுச் செடியில் இரண்டு காய்களைப் பருவக் கடைசியில் பிரித்து, நிறைந்த விதை எத்தனை, பதர் எத்தனை என்று எண்ணி, மகரந்த வீதத்துக்கும் குரோமோசோம் எண்ணுக்கும் பக்கத்துக் கட்டத்தில் எழுதிவிடுங்கள்.